வழி விட்டவர்

சுசீந்திரம் பக்கம், வயலை நிரப்பிப் பிரித்த மனையில் எங்கள் வீடு. கேட்டிலிருந்து கார் ஷெட் வரை தரை போட, வடசேரியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு சிமென்ட் இருக்காது.

"காங்கிரீட் வேண்டாம் சார், மழத்தண்ணி எறங்காது. கல்லு பதிச்சிருவோம்" என்றார். நான் சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

அவரிடம் ஒரு பழக்கம். லாரியே போகக்கூடிய அந்த அகலமான பாதையில் நடந்து வரும்போது, நடுவில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நிற்பார். ஒற்றையடி வரப்பில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்போமே, அதே மாதிரி. பிறகுதான் நடப்பார்.

பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "யாருக்கு அண்ணாச்சி வழி விடுதீங்க?"

இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "வரப்பு கெடந்த எடம்லா சார். ஆளு வரும்லா?"

வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கல்கூட இதுவரை அசையவில்லை.

நேற்றுக் காலை பால் வாங்கித் திரும்பினேன். வாசலில் நின்ற மனைவி கேட்டாள்: "யாருக்கு வழி விட்டுட்டு நிக்கீங்க?"

பாதையின் நடுவில், பால் கவரை நெஞ்சோடு அணைத்தபடி, நான் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.