முன்வரிசைக்கு ஒரு வாழி

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் வசிக்கும் நீக்கிலாப்பிள்ளைக்கு, எழுபத்திரண்டு வயதில் ஜெர்மன்காரனாகும் யோகம் அடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் நாஜி அதிகாரிகளின் முன்னால் மேடையிலும் படத்திலும் நடித்துத் தள்ளிய ஒரு ஜெர்மன் நடிகனைப் பற்றிச் சாம்பவி என்ற இளம்பெண் எழுதி இயக்கிய நாடகம்; அந்த நடிகன் வேடம் இவருக்கு. போர் முடிந்ததும் விசாரணை. "யாருக்காக நடித்தாய்?" என்று நீதிபதி கேட்பார். "கலைக்காக" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்தான் தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கியது.

இலங்கையில், ஊரில் அவர் நாட்டுக்கூத்தில் ராசா வேடம் கட்டுபவர். கூத்து முடிவில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு வாழி பாடிவிட்டு இறங்குவது வழக்கம். ஊரில் போர் வந்தபோது அந்த வரிசை மாறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை இந்திய இராணுவம், ஒருமுறை போராளி இயக்கம், ஒருமுறை இலங்கை இராணுவம். ராசா மூன்று பகுதிக்கும் பாடினார். மெட்டைக்கூட மாற்றவில்லை.

ரொறன்ரோவில் இது தெரிந்த ஒரே ஆள், ஊர்க்காரர் இராஜரட்ணம். நாடகச் செய்தி கேட்டதும் போன் எடுத்தார்.

"முன்வரிசையிலை டிக்கெட் எடுத்திட்டன் காணும். உம்மட வண்டவாளம் எல்லாம் அண்டைக்குச் சபையேறும்."

"சும்மா இரும். பேரப்பிள்ளையள் வருகினம்."

"வரட்டும், வரட்டும்!"

சாம்பவிக்கு வேறு கவலை. "அங்கிள், கூத்துப் பாட்டொண்டும் வேண்டாம். ஸ்கிரிப்ட் மட்டும், ப்ளீஸ்."

நாடகத்தன்று மஞ்சள் பொய்முடி காதில் இறங்க, அவர் கூண்டில் நின்றார். முன்வரிசையில் நாடகத்துக்கு அனுசரணை தந்த வீட்டுத் தரகர், பெண் வழக்கறிஞர் என்று பெரிய மனிதர்கள். நடுவில் கைகட்டியபடி இராஜரட்ணம்.

"யாருக்காக நடித்தாய்?" என்றான் நீதிபதியாக நடித்த ராகுலன்.

கலை காணாமல் போயிற்று. வாய் பழைய தடத்தில் ஓடியது.

"வீடு விற்கும் ஐயா வாழி! வழக்குப் பேசும் அம்மா வாழி!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. திரைக்குப் பின்னால் சாம்பவி தலையில் கை வைத்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? நீக்கிலாப்பிள்ளை பொய்முடியைக் கழற்றினார்.

"முன்வரிசையிலை இருந்தவைக்காக நடிச்சனான். சுடுற துவக்கு அவையிட்டைத்தானே இருந்தது. எனக்கு மேடையும் வேணும், உயிரும் வேணும். ஊரிலை மூண்டு பகுதிக்கும் வாழி பாடினனான். நம்பாட்டில் இராஜரட்ணத்தைக் கேளுங்கோ."

எல்லாத் தலைகளும் திரும்பின. இராஜரட்ணம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஓம், பாடினவர். நான் சாட்சி."

ராகுலன் நீதிபதி ஆசனத்தைவிட்டு அசையவில்லை. "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள், அங்கிள்?"

"நானோ... கை தட்டினனான்."

"எத்தினை தரம்?"

இராஜரட்ணம் தொண்டையைச் செருமினார். "மூண்டு தரமும்."

முதலில் கை தட்டியவர்கள் நீக்கிலாப்பிள்ளையின் பேரப்பிள்ளைகள். அடுத்த காட்சிக்கும் இராஜரட்ணம் டிக்கெட் எடுத்தார், கடைசி வரிசையில்.