கட்சிக் கிளைச் செயலாளர் பரிமளம் பெற்ற முப்பத்தேழு வாக்குகள்

புளியங்கூடலில் கட்சிக் கிளையின் செயலாளர் பதவியைப் பரிமளம் தேடிப் போகவில்லை. அவள் தேடிப் போனது கதிரைகளை. மாதர் சங்கத்தின் பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைக் கட்சிக்காரர் கூட்டத்துக்கென்று இரவல் வாங்கிப்போய், மூன்று மாதமாகியும் திருப்பித் தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமளம் சனசமூக நிலையத்துக்குப் போனபோது கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள், கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எழும்பும்வரைக்கும் இருப்போம் என்று மிச்சமிருந்த ஒன்றில் அமர்ந்தாள். கூட்ட அறிக்கை எழுத ஆளில்லை என்று யாரோ சொன்னார்கள். கைப்பையில் பேனை வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். தாளைக் கண்டால் மேலே திகதி போடாமல் விட முடியாது. போட்டாள். கூட்டம் முடியும்போது செயலாளர் ஆகியிருந்தாள். கதிரைகள் பதினொன்று திரும்பி வந்தன.

"பன்னிரண்டாவதில நான் இருக்கிறன்" என்று பிறகு அவளே சொல்லிச் சிரிப்பாள்.

செயலாளர் என்றால் ஏதாவது செய்ய வேண்டுமே. கிளைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அதுவரை பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் வந்துகொண்டிருந்தன. பரிமளம் சனிக்கிழமைதோறும் பின்னேரம் நாலு மணிக்குக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியை மா வைக்கிற வாளியில் சாய்த்து வைத்து, அந்த வாரப் பாராளுமன்றச் செய்தியைப் பேசிப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினாள். எந்தச் சட்டமூலம் வந்தது, எத்தனையாம் வாசிப்பு, யார் ஆதரவு, யார் சபையிலேயே இல்லை. அரசின் அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியை எழுத்தெழுத்தாக வாசிப்பாள். சாதாரணமாகப் பதினொரு நிமிடம், அட்டவணை இருந்தால் பதினாலு.

குழுவில் நூற்று அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் கும்பிடுகிற கைகள் பத்து, பதினைந்து வரும். ஒருமுறை வேலிக்கு அப்பால் கோழி கேறியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அந்த முறை மட்டும் நாற்பது கைகள். கனடாவிலிருந்து ஒருவர், 'ஊர்க் கோழியின் சத்தம் கேட்டுக் கண் கலங்கிவிட்டது' என்று எழுதியிருந்தார். சட்டமூலத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்ட காலத்தில் அவளுடைய மானம் முழுதாகக் கப்பலேறியது. 'நடக்கப் போகிறது' என்று ஐந்து தடவை ஐந்து திகதிகளை அறிவித்தாள். ஐந்தும் நடக்கவில்லை. கடைசியில் பழைய வேட்புமனுக்களை இல்லாமல் ஆக்குகிற சட்டம் வந்து, புதிதாக மனுக் கோரி, மே ஆறாம் திகதி தேர்தல் என்று உறுதியானபோது அதையும் அறிவித்தாள். கைகள் மூன்றுதான் வந்தன. ஒருவரும் நம்பவில்லை.

அந்த வாரம் கிளைத் தலைவர் ஜெயரூபன் வீட்டுக்கு வந்தான். சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவன். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, எங்கட வட்டாரத்துக்கு உங்கட பேரைத்தான் போடுறது எண்டு யோசிச்சனாங்கள். பெண்கள் எண்ணிக்கை சட்டத்துக்குக் காணாமல் கிடக்கு."

"அப்ப நீர்?"

"நான் மேலதிகப் பட்டியலில நிக்கிறன். நீங்கள்தான் அக்கா சனத்துக்குத் தெரிஞ்ச முகம்."

வட்டாரத்தில் நின்றால் தோற்பது நிச்சயம் என்றும், கட்சிக்கு விகிதாசாரத்தில் ஒரு இடம் கிடைத்தால் பட்டியலில் நிற்பவன் அலுங்காமல் சபைக்குப் போவான் என்றும் பரிமளத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சட்டத்தை நான்கு சனிக்கிழமைகள் விளக்கியவளே அவள்தான். தெரிந்தும், 'தெரிஞ்ச முகம்' என்ற இரண்டு சொல்லில் விழுந்துவிட்டாள். அவன் போனதும் அலுமாரிக் கண்ணாடியில் அந்த முகத்தை ஒருக்கால் பார்த்தாள். துண்டுப்பிரசுரத்துக்கு எடுத்த படத்தில் அதே முகம், யாரோ வரிசையை முறித்து முன்னுக்குப் போய்விட்டதைப் பார்த்த மாதிரி வந்திருந்தது.

பிரசாரத்துக்குக் கணவர் வைத்திலிங்கம்தான் மோட்டார்சைக்கிள் ஓட்டினார். பரிமளம் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். காற்று வருகிற பக்கத்துக்குக் குடை இழுக்கும்; வண்டியும் அந்தப் பக்கத்துக்கே போகும். வைத்திலிங்கம் அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அவளை இறக்கிவிட்டு வேம்பு நிழலில் நின்றுகொள்வார்.

வீடுகளில் பரிமளம் கலப்புத் தேர்தல் முறையை விளக்கினாள். வட்டாரத்துக்கு எவ்வளவு, விகிதாசாரத்துக்கு எவ்வளவு, மிகுதி எப்படிப் பிரிபடும் எல்லாம். ஒரு வீட்டில் அந்தப் பெண் "சோறு அடிப்பிடிக்கப் போகுது" என்று உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. பரிமளம் முற்றத்தில் நின்று மிச்சத்தை ஆட்டுக்குட்டிக்குச் சொல்லி முடித்தாள்.

எதிரே நின்றவள் நிமலினி. பரிமளத்தை விட இருபது வயது குறைவு. வேறொரு கட்சி. முன்பள்ளி ஆசிரியை. அவள் போய் வந்த வீடுகளுக்கே பிறகு பரிமளமும் போக நேர்ந்ததால் அவள் கேட்டதெல்லாம் தெரிய வந்தது. "தண்ணி பவுசர் எந்த நாளில வருது? உங்கட ஒழுங்கைக்குள்ள திரும்புமோ, றோட்டிலதானோ நிக்கும்?" அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். சனம் அரை மணித்தியாலம் பதில் சொல்லியிருக்கிறது. பரிமளத்தின் வீட்டுக்கும் பவுசர்த் தண்ணிதான் வருகிறது. வாளியோடு றோட்டுக்கு நடப்பவளும் அவள்தான். அதைப் பற்றிப் பேசலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நூற்று அறுபத்து மூன்று பேரில் வட்டாரத்தில் வாக்கு உள்ளவர்கள் இருபத்திரண்டு. மிச்சப்பேர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ. ஐந்து வருடமாக அவள் சட்டம் விளக்கிக்கொண்டிருந்தது இந்த நாட்டில் வாக்குச்சீட்டில் புள்ளடி போட வழியில்லாத சனத்துக்கு.

"நோர்வேயில ஒரு வட்டாரம் தந்தால் வெண்டிடுவன்" என்று வைத்திலிங்கத்திடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "அங்க குளிர்" என்றார்.

ஆறாம் திகதி பின்னேரம் வாக்களித்த பள்ளிக்கூடத்திலேயே எண்ணி அறிவித்தார்கள். நிமலினி இருநூற்றுப் பதினெட்டு. பரிமளம் முப்பத்தேழு. நிராகரிக்கப்பட்டவை ஆறு.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமல் குசினியில் இருந்தாள். வைத்திலிங்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அவர் தேத்தண்ணி ஊற்றுவது அவளுக்குக் காய்ச்சல், வருத்தம் வந்தால் மட்டும்தான்.

"முப்பத்தேழு எண்டாலும் பரவாயில்லை" என்றார். "நான் வடிவாப் போட்டனான். ஆருக்கும் சந்தேகம் வராத மாதிரி."

பரிமளம் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சந்தேகம்?"

"அந்தத் துண்டில ஆக்களின்ர பேர் இல்லையே, கட்சியின்ர பேரும் சின்னமும்தானே கிடந்தது. உமக்குத்தான் எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? புள்ளடியைப் போட்டுட்டுப் பக்கத்தில 'பரிமளம்' எண்டு எழுதிவிட்டனான்."

"எழுதினனீங்களோ?"

"வடிவான எழுத்தில."

வாக்குச்சீட்டில் புள்ளடியைத் தவிர ஓரெழுத்து இருந்தாலும் அந்த வாக்குப் பழுதாகிவிடும் என்று மூன்று சனிக்கிழமைகள் அவள் சொல்லியிருந்தாள். மூன்றாந்தரம் தொண்டை கட்டியிருந்ததால் சுடுதண்ணி குடித்துக்குடித்துச் சொன்னாள்.

"நான் அனுப்புறதை நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையோ?"

வைத்திலிங்கத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஒரே வீட்டில இருந்துகொண்டு உம்மட குரலை ஏன் போனில கேக்கிறது?"

பரிமளத்துக்கு முதலில் அழுகைதான் வந்தது. பாதியில் அது சிரிப்பாக மாறிவிட்டது. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. வைத்திலிங்கம் பயந்துபோய் முதுகைத் தடவினார். நாற்பது வருடத்தில் அவர் அவளுடைய பெயரை எங்கேயும் எழுதி அவள் கண்டதில்லை. முதன்முதலில் எழுதியிருக்கிறார். அதுவும் நிராகரிக்கப்பட்டுவிட்டது.

கட்சிக்கு விகிதாசாரத்தில் ஓரிடம் கிடைத்தது. அதற்கு யாரை அனுப்புவது என்று கிளை கூடியது. ஜெயரூபன் தொண்டையைச் செருமினான்.

"இருபது வீதத்துக்குக் குறைய எடுத்து, மூண்டு இடமும் கிடைக்காத கட்சி, பெண்ணைத்தான் அனுப்ப வேணும் எண்டு கட்டாயமில்லை. அக்காவின்ர செய்தியில கேட்டனான். வலு விளக்கமாச் சொன்னவ."

எல்லோரும் பரிமளத்தைப் பார்த்தார்கள். அவள் கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய செய்தியை வட்டாரத்தில் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் இவன்தான் போலும். "ஓம், சரி" என்றாள். அவன் சொன்னதை அப்படியே எழுதினாள். திகதி ஏற்கெனவே போட்டாயிற்று.

அந்தச் சனிக்கிழமை செய்தியை ஏழு தரம் பதிவு செய்து ஏழு தரமும் அழித்தாள். குரல் ஒருக்கால் கோபமாகவும் ஒருக்கால் நோயாளி மாதிரியும் வந்தது. எட்டாம் தரம் உள்ளதைச் சொன்னாள். தனக்கு முப்பத்தேழு, சபைக்குப் போவது ஜெயரூபன், அதற்கு வழிவிட்ட சட்டப் பிரிவை விளக்கியவளும் தானே, நிராகரிக்கப்பட்ட ஆறில் ஒன்று தன் வீட்டிலிருந்து போனது. மூன்றே நிமிடம். அன்றைக்குக் கைகள் வரவில்லை. ஆட்கள் எழுதினார்கள். ஒஸ்லோவிலிருந்து ஒரு பெண், 'அக்கா, இண்டைக்குத்தான் முழுசாக் கேட்டனான்' என்று எழுதியிருந்தாள். பரிமளம் அதைப் பாராட்டாக எடுப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எடுத்துக்கொண்டாள்.

சபையின் முதல் அமர்வுக்குப் பார்வையாளராகப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் போகும்போது, 'நான் ஏன் போறன்?' என்று இரண்டு தரிப்பிடங்களுக்கு ஒருக்கால் தன்னையே கேட்டாள். பதில் வருவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

உறுப்பினர் பதின்மூன்று பேர். சபையை நடத்தும் தவிசாளரைப் பகிரங்கமாகத் தெரிவு செய்வதா, இரகசியமாகவா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நடத்த வந்த அதிகாரி, பகிரங்கம் வேண்டும் என்பவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார். ஜெயரூபன் உயர்த்தினான். ஏழு. இரகசியம் வேண்டும் என்பவர்களைக் கேட்டார். ஜெயரூபன் திரும்பவும் உயர்த்தினான். ஏழு.

அதிகாரி தாளைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். மறுபடியும் பதினாலு. நிமலினி குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பரிமளத்தால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, கையைக் கீழ விடும்! ரெண்டு தரம் தூக்க ஏலாது!"

மண்டபம் முழுதும் திரும்பிப் பார்த்தது. ஜெயரூபனும் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை. தண்ணிக்குள் விழுந்தவன் கயிற்றைக் கண்ட முகம்.

"ரெண்டில எதுக்கு அக்கா தூக்கிறது?" என்று கேட்டான், அங்கிருந்தே.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அதிகாரி மரியாதையாகத்தான் பரிமளத்தை வெளியே போகச் சொன்னார். பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது என்ற விதி அவளுக்குத் தெரியும். அதையும் ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தாள். நடைபாதையில் நின்று ஜன்னலால் கேட்டாள். மூன்றாம் தரம் எண்ணியபோது பகிரங்கத்துக்கு ஏழு, இரகசியத்துக்கு ஆறு.

அமர்வு முடிந்து நிமலினி முதலில் வந்தாள். "அன்ரி, நீங்கள் உள்ளுக்க இருந்திருந்தால் வலு கெதியா முடிஞ்சிருக்கும்" என்று சொல்லி, கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நக்கலா, மெய்யா என்று பரிமளத்தால் பிடிக்க முடியவில்லை.

பின்னாலே ஜெயரூபன் வந்தான். புதுச் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தாள்கள் வைத்த ஒரு கோவை.

"அக்கா, இது அடுத்த அமர்வின்ர நிகழ்ச்சி நிரலாம். ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

"ஏலாது. நீர்தானே உறுப்பினர்."

வாய் சொன்னதே தவிர, கை அதற்குள் பைக்குள் போய்க் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது. மதில் ஓரத்து நிழலில் நின்று பரிமளம் முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தில் ஆண்டைப் பிழையாக அடித்திருந்தார்கள்.

"பேனை இருக்கோ?" என்று ஜெயரூபனைக் கேட்டாள்.