நான் சொல்லிக்கொடுத்த வேஷம்

லண்டன் தொலைக்காட்சியில் என்னை எட்டுத் தடவை சுட்டிருக்கிறார்கள். எட்டுத் தடவையும் கடைக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துத்தான். எனக்குப் பாத்திரப் பெயர் கிடையாது. படம் முடிந்து ஓடும் எழுத்துகளில் ‘கடைக்காரர்’ என்று போடுவார்கள். ஒரு தடவை ‘இரண்டாவது கடைக்காரர்’ என்று போட்டார்கள். முதலாவது கடைக்காரரை எனக்கு முன்பே சுட்டாயிற்று.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நானே சிரித்துச் சிரித்துத்தான் அந்த வருடங்களை ஓட்டினேன் என்பதால் இன்னும் பிடிக்காது. வேலைக்குப் புறப்படும்போது மனைவி கேட்பாள்.

“இண்டைக்கு என்ன வேஷம்?”

“கடைக்காரன்.”

“சுடுவினமோ?”

“ஓம்.”

“அப்ப கெதியா வந்திடுவியள். சோறு போடுறன்.”

யாழ்ப்பாணத்தில் மாணவனாக இருந்த காலத்தில் தியேட்டரில் அமெரிக்கப் படம் வந்தால் விடமாட்டேன். கதாநாயகனைப் பார்க்கப் போனதில்லை. அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு முகம் இருந்தது. வழுக்கை, தொங்கின கன்னம். ஒரு படத்தில் நீதிபதி, அடுத்ததில் குடிகாரன், பிறகு சவரத் தொழிலாளி, பாதிரியார், வங்கிக் குமாஸ்தா. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வந்தால் தியேட்டரில் ஒருவனும் கைதட்டமாட்டான். ஆனால் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் அந்த மனிதன் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று நம்பிவிடுவோம். எனக்கு அப்படி ஆகவேண்டும் என்று ஆசை. குணச்சித்திர நடிகன். அவருக்கு நூறு மனிதர்கள் கிடைத்தார்கள். எனக்கு ஒரே கடைக்காரனைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தேன். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் வீடு, அங்கேயே ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமைகளில் மூன்று பஸ் மாறி வால்தம்ஸ்டோவுக்குப் போய், ஒரு தேவாலய மண்டபத்தில் தமிழ் நாடகம் போடுவோம். அதைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நடிகர்களுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்ட், என்னைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை.

முதல் ஒத்திகையிலேயே இறக்கிவிட்டார்கள். “இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாகப் பேசுங்கள்” என்றார் இயக்குநர். நான் இந்தியன் இல்லை என்றேன். தெரியும், ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரியாதே என்றார். என் ஆங்கிலம் பிரம்போடு நின்ற ஓர் ஆசிரியரிடம் படித்த யாழ்ப்பாணத்து ஆங்கிலம். அது அவர்களுக்கு வேண்டாம். வெம்பிளியில் நான் பருப்பு வாங்கும் குஜராத்திக் கடைக்காரரிடம் போய், தேவையில்லாத சாமானெல்லாம் விலை கேட்டுக்கொண்டு நின்று, அவர் பேச்சைக் களவெடுத்தேன். பாவம், நல்ல மனிதர். அவரைத்தான் எட்டுத் தடவையும் சாகக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் சனம் மட்டும் குறைவோ? கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், “அண்ணை, நேற்றும் உங்களைச் சுட்டுப்போட்டாங்கள்” என்று கூப்பிட்டுச் சொல்லுவார்கள். அதே வாயால், “பிள்ளையளைக் கணக்கியல் படிப்பியுங்கோ, உந்தக் கூத்து உங்களோடை போகட்டும்” என்பார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்க மத்தளத்துக்கு அடுத்தது நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் ஏஜெண்ட் ஒரு தடித்த வசனப் பிரதியை அனுப்பினார். தொலைக்காட்சி நாடகம். யாழ்ப்பாணத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சக் குடும்பத்தோடு லண்டனுக்கு வருகிற ஒரு தகப்பனின் கதை. தகப்பன்தான் முழுக்க. அவருக்குப் பெயர் இருந்தது. நல்ல தமிழ்ப் பெயர். குசினி மேசையில் வைத்து அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தேன். இதற்காகத்தான் இவ்வளவு காலமும் செத்துச் செத்து எழும்பினேன் என்று நினைத்தேன். மனைவி கோயிலில் அர்ச்சனை செய்வித்தாள். மூன்று தடவை கூப்பிட்டு நடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை, இயக்குநர் எழும்பிவந்து கைகொடுத்தார்.

வேஷம் வேறொருவருக்குப் போயிற்று. பர்மிங்காமில் பிறந்த பஞ்சாபி. நாலைந்து தொடர்களில் வந்தவர், தெருவில் கண்டால் மனிதர் திரும்பிப் பார்ப்பார்கள். தெரிந்த முகம் வேண்டுமாம். அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அதனால் ஏஜெண்ட் மறுநாளே திரும்பத் தொலைபேசி எடுத்தார். அவருக்குத் தமிழ் வசனம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவை, நான் வருவேனா?

ஓம் என்றேன். ஏன் சொன்னேன் என்று மனைவி அன்றைக்குக் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். பக்கத்தில் நின்றால் அவருக்கு ஏதும் காய்ச்சல் கீய்ச்சல் வராதா, அப்போது அந்த வேஷத்துக்குள் என்னைத் தள்ளிவிடமாட்டார்களா என்ற நப்பாசைதான். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கல்லுப்போல ஆரோக்கியம். அதைவிடக் கொடுமை, அவர் நல்ல மனிதர். நான் இருக்கக் கதிரை எடுத்துவைப்பார். வெறுக்கவும் விடவில்லை.

ஒத்திகையில் செத்த வீட்டுக் காட்சி வந்தது. மகனின் உடல் வீட்டில் கிடக்கிறது. தகப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அதன்மேல் விழுந்து கதறுவதாக எழுதியிருந்தார்கள். அந்த நடிகர் இரண்டு தரம் விழுந்து பார்த்துவிட்டு, எழும்பி என்னிடம் கேட்டார்: “இது எனக்குப் பொய்யாக இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு தகப்பன் உண்மையில் என்ன செய்வார்?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழும்பினேன்.

எண்பத்து நாலில் என் தம்பியைச் சந்தியில் சுட்டார்கள். இயக்குநர் ‘கட்’ சொன்னதும் எழும்பிவரும் சாவு அல்ல அது. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்கு வருகிறவரை யாரும் ‘வாங்கோ’ என்று வரவேற்பதில்லை. போகிறவரும் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. வருவார்கள், இருப்பார்கள், பேசாமல் எழும்பிப் போவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். என் தகப்பன், ஐயா, ஊர்ச் செத்த வீடுகளை முன்னின்று நடத்துகிறவர், அவருக்குத் தெரியாததா? அன்றைக்கு அவர் வெளிவாசல் படலையடியில் போய் நின்றார். சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டார். வந்தவர்களுக்கெல்லாம், “வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ” என்றார். கல்யாண வீட்டில் நிற்பதுபோல. சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். ஐயா அந்தக் கையை மெல்லக் கழற்றிவிட்டு, அடுத்த ஆளிடம், “வாங்கோ, வெய்யிலுக்கை நிக்காதேங்கோ” என்றார். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. பின்னேரம் வரைக்கும் அப்படியே நின்றார். அதைப்பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் பிறகு பேசியதில்லை. என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

ஒத்திகை அறையில், அடுக்கிவைத்த பிளாஸ்ரிக் கதிரைகளைப் படலையாக வைத்துக்கொண்டு அதைச் செய்தேன். நடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முடித்தபோது ஒப்பனை செய்யும் பெண் அழுதுகொண்டு நின்றாள். என்ன நடந்தது, அந்த வழக்கம் என்ன என்று விளங்கப்படுத்தினேன். யாருடைய தகப்பன் என்று மட்டும் சொல்லவில்லை. இயக்குநர் வந்து என் தோளில் கைவைத்தார்.

“அற்புதம். இதை அப்படியே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.”

அந்த இடத்தில் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். பஸ்ஸில், குளியலறையில், பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குள் இருந்து எத்தனையோ தரம் மனதுக்குள் நான் அப்படி வெளியே வந்துவிட்டேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்று நான் செய்தது, சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டு நாள். சால்வையை எப்படிச் சரிசெய்வது, பிடித்த கையை நோகாமல் எப்படிக் கழற்றுவது, ‘வாங்கோ’வை எவ்வளவு சாதாரணமாகச் சொல்வது. மனிதர் அச்சொட்டாகப் பிடித்துக்கொண்டார். பிழையாகச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒளிபரப்பினார்கள். அப்போது அம்மா தவறிப்போய், ஐயா எங்களுடன் மிச்சத்துக்கு வந்து இரண்டு வருடம். அவர் பார்க்கவேண்டாம் என்று நினைத்தேன். மனைவிக்கு விஷயம் தெரியாது. “மாமா, உங்கடை மகன்ரை பேர் வரப்போகுது, வாங்கோ” என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டாள்.

அந்தக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்த்தேன். பர்மிங்காம்காரர் படலையில் நின்று, “வாங்கோ, வாங்கோ” என்றார். சுத்தமான உச்சரிப்பு. ஐயா முன்னுக்குச் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

நாடகம் முடியமுன்னமே தொலைபேசி. வால்தம்ஸ்டோ நாடகக்காரர் ஒருவர். “அண்ணை, செத்த வீட்டிலை வாங்கோ எண்டு சொல்லுறான்! இவங்களுக்கு எங்கடை பழக்கவழக்கம் ஒண்டும் தெரியாது. ஆரிட்டைக் கேட்டு எடுத்தவங்கள்?” அவர் கேட்கும்போதே எழுத்து ஓடியது. தமிழ்ப் பயிற்சி என்று போட்டு என் பெயர். நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஐயா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உதை நீயோ சொல்லிக் குடுத்தனி?”

“ஓம் ஐயா.”

“செத்த வீட்டிலை ஆரும் வாங்கோ எண்டு கூப்பிடுவினமோ? பெத்த தேப்பன் ஒருத்தன் அப்பிடிச் சொல்லுவானோ? பிள்ளை செத்துக் கிடக்கேக்கை? நீ கண்டிருக்கிறியோ?”

நீங்கள்தான் சொன்னனீங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் துளி நடிப்பில்லை. உண்மையாகவே கோபப்பட்டார். அந்த நாளின் ஒரு துண்டுகூட அவர் நினைவில் இல்லை. அது என்னிடம் மட்டும்தான் இருந்தது, நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

“பிழை விட்டிட்டன் ஐயா” என்றேன்.

“இனிமேல் தெரியாட்டி என்னட்டைக் கேள்” என்றார்.

சரி என்றேன்.