இரண்டு லிட்டர் குக்கரும் பதினோரு வேளைச் சோறும்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் முதலாளி என்னைக் கடலூர் தலைமைக் கடைக்கு வரச்சொல்லி, குடோனைத் திறந்து காட்டினார். எங்கள் கடைப் பெயர் போட்டு நாங்களே சொல்லிச் செய்து வாங்கிய இரண்டு லிட்டர் குக்கர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"தீபாவளிக்குள்ள இது நகர்ந்து போட்ட பணம் வரலன்னா சிதம்பரம் பிராஞ்ச மூடிரலாம்னு இருக்கேன், சேகர்" என்றார்.

சிதம்பரம் கிளைக்கு நான்தான் மேனேஜர். என்னோடு சேர்த்து ஏழு பேர் அங்கே வேலை பார்க்கிறோம். பாத்திரக் கடைத் தொழிலில் இருபத்தேழு வருடம் இருந்தவன், அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஏழு பேர் சம்பளத்தையும் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தேன்.

1. ஆட்டம்

இப்போதெல்லாம் வீடியோ போடுகிறவர்களைப் பிடித்தால்தான் சரக்கு ஓடும் என்றார்கள். கடலூரில் லட்சக்கணக்கானோர் பார்க்கிற ஒரு தம்பியைப் பிடித்தோம். வசனத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் வெள்ளிக் கடற்கரையில் குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். ஊரே பார்த்தது. கடைக்கு வந்தவர்கள் அந்தத் தம்பி இங்கே வருவாரா என்று விசாரித்தார்கள். குக்கரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடத் தெரிந்தவரிடம் குக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்த அறிவாளிகள் நாங்கள்தான்.

2. பதினாலு பாயிண்ட்

எங்கள் பில்லிங்கில் இருக்கும் பெண்தான் பர்வீனைப் பற்றிச் சொன்னாள். பரங்கிப்பேட்டைக்காரர். கணவர் மஸ்கட்டில் வேலை. அவருக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்கி, அவரோடு அறையில் இருந்தவர்களும் கேட்டதால் எல்லோருக்கும் பொதுவாகப் போட ஆரம்பித்திருக்கிறார். முகம் காட்டுவதில்லை, கை மட்டும்தான். பாட்டு கிடையாது. அளவெல்லாம் டீ கிளாஸில். வெளிநாட்டு அறைகளில் அளவுக் கப் ஏது, டீ கிளாஸ்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு.

நான் பதினாலு பாயிண்ட் எழுதிக்கொண்டு போனேன். முதல் பத்து விநாடிக்குள் கடைப் பெயர் வர வேண்டும், எங்களிடம் உள்ள எல்லா மாடலும் வர வேண்டும், முகம் தெரிந்தால் நல்லது, இப்படி. பர்வீன் முழுவதையும் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். இந்தச் சின்னக் குக்கரை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேறு வழி இல்லை.

3. நோட்டு

பத்து நாள் கழித்துப் போனபோது டீயோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் முன்னால் வைத்தார். அந்தக் குக்கரில் பதினோரு தடவை சோறு ஆக்கியிருக்கிறார். என்ன அரிசி, எவ்வளவு ஊறியது, எத்தனை கிளாஸ் தண்ணீர், எத்தனை விசில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எதிரே முடிவு: குழைந்தது. விசில் வழியாக நுரை பொங்கியது. நடுவில் வேகவில்லை. பதினோராவதில் மட்டும் 'சரி' என்று இருந்தது. பத்து நாளும் குழைந்ததும் வேகாததுமாகச் சோறு போட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. குக்கரோடு வரும் அளவுச் சீட்டை எழுதியவன் நான். ஐந்து லிட்டர் குக்கரின் சீட்டைப் பார்த்து அப்படியே இதற்கும் காப்பி அடித்திருந்தேன்.

"சீட்டுல உள்ள அளவு தப்பு சார். வீடியோவுல அதச் சொல்லிட்டுத்தான் சரியான அளவச் சொல்லுவேன்" என்றார் பர்வீன்.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினேன். கிளை மூடப்போவதையும், ஏழு குடும்பம் இருப்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா வெளிநாட்டுல இருக்குறவுங்க டூட்டி முடிஞ்சு பசியோட வந்து, என் வீடியோவப் பாத்து ஒல வைக்கிறாங்க. குழைஞ்சு போச்சுன்னா அவுங்களுக்கு அன்னிக்கு வேற சோறு இல்ல." டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "நீங்க இதுல சோறு ஆக்கிப் பாத்தீங்களா சார்?" என்றார்.

இதில் என்ன, எந்தக் குக்கரிலும் நான் சோறு ஆக்கியதில்லை. இருபத்தேழு வருடத்தில் எத்தனை ஆயிரம் குக்கர் விற்றிருப்பேன்! முகம் தெரியாத ஆட்களின் ஒரு வேளைச் சோற்றுக்காக இந்தப் பெண் பதினோரு தடவை அடுப்படியில் நின்றிருக்கிறார். நான் பிரமித்துப் போனேன். வெட்கமாகவும் இருந்தது.

நேரே கடலூர் போய், சீட்டில் தப்புப் போட்டவன் நான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். நோட்டின் பக்கங்களைப் போனில் எடுத்து வந்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"தப்பு பண்ணது நாம. சொல்லட்டும் விடு" என்றார். "பழைய சீட்டெல்லாம் எடுத்துட்டு அந்தப் பொண்ணோட அளவப் போட்டு அடி. அது சம்மதிச்சா பேரையும் போடு."

வீடியோ ஒன்பது நிமிடம். எங்கள் கடைப் பெயர் கடைசியில் ஒரே ஒரு முறை வந்தது. சீட்டு தப்பாக இருந்ததையும், கடைக்காரர்கள் மாற்றிவிட்டதையும் அவர் அதே நிதானத்தோடு சொன்னார். கீழே குவிந்த கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் போட்டார். கரண்ட் அடுப்புக்கு என்ன அளவு என்று கேட்டவருக்காக மறுபடியும் ஆக்கிப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு கடைக்கு ஆட்கள் குக்கரையே கேட்டு வந்தார்கள். வெளிநாட்டுக்குத் திரும்பும் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்று போனை நீட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் நாலு பேர் சேர்ந்து வந்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் குடோனில் தரை தெரிந்தது. சிதம்பரம் கிளையை மூடும் பேச்சை முதலாளி அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது தெரிந்த கடைக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், பொருளைக் கொடுத்து நாள் கொடுங்கள் என்கிறேன். அவர்கள் குறை கண்டுபிடித்தால் மறைக்கச் சொல்லாமல் பொருளைத் திருத்துங்கள் என்கிறேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு, போனதும் வசனம் எழுதுகிறார்கள்.

இந்தத் தை மாதம் புதிதாக மூன்று லிட்டர் குக்கர் வந்தது. சீட்டு எழுதச் சொல்லி முதலாளி எனக்கு அனுப்பினார். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய், என் மனைவியை அடுப்படிக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, அரிசி களைந்தேன். முதல் நாள் குழைந்தது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் நடுவில் வேகவில்லை. மூன்று நாளும் அவளும் நானும் அதையேதான் தின்றோம். நாலாம் நாள் பதமாக வந்தது. அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.