டுரியான் மரத்துக்குப் பின்னாலிருந்த வானம்

செயற்கைக்கோள் படத்தில் ஓட்டை விழுகிறது என்று முதலில் சொன்னவர், தலைமை அலுவலகத்தில் வானிலை முன்னறிவிப்பு எழுதும் ஒரு மலாய்க்கார அம்மா. நான் அவரைக் ‘காக்’ என்றுதான் கூப்பிடுவேன்; மலாய் மொழியில் அக்கா. பல வருடங்களாக ஃபோனிலேயே பேசிப் பழகிவிட்டோம். நேரில் பார்த்தது இரண்டொரு தடவைதான்.

“ஹிலாங் லாகி,” என்றார் அன்றைக்கு. மறுபடியும் காணோம். மலாக்கா நீரிணைக்கு மேலே மேகம் இருக்க வேண்டிய இடத்தில், படத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டைதான் இருந்தது.

எங்கள் நிலையம் மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டத்து நிலம் ஒன்றில் இருக்கிறது. தோட்டம் கைமாறி, பால் மரங்கள் போய், ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் மறு பக்கம் வீடுகளுமாகிவிட்டது. நடுவில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம், ஒரு சிறிய கட்டடம், வானத்தைப் பார்த்தபடி சமிக்ஞை வாங்கும் ஒரு பெரிய தட்டு. அந்தத் தட்டைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நான் தொழில்நுட்பப் பிரிவு. மழை வருமா வராதா என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. அதைச் சொல்பவர்களின் மேசைக்குப் படம் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் தெரியும்.

பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் ஒரு செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் பக்கத்துப் பூமியை முழுசாகப் படம் எடுக்கிறது. அது நம்முடையது அல்ல. கடல் தாண்டிய ஒரு நாடு செலவழித்து அனுப்பியது. எடுத்த படத்தை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்வதில்லை. இன்னொரு செயற்கைக்கோள் வழியாக இந்த வட்டாரம் முழுவதற்கும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தட்டு வைத்திருக்கும் வானிலை நிலையம் எதுவும் அதை வாங்கிக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் நம்பவில்லை. “சும்மாவா கொடுக்குறாங்க?” என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். சும்மாதான். மேகத்துக்கு எல்லை கிடையாது, அதனால் படத்துக்கும் கிடையாது என்று ஒரு மேலதிகாரி சொன்னார்.

என் அம்மா சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கும்போது மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. மேலே பார்த்து முகத்தைச் சுளித்தபடி வீட்டுக்குத் திரும்பி வருவார். அவருடைய மகள் அதே மேகங்களை மேலேயிருந்து பார்க்கிற வேலையில் இருக்கிறாள் என்று சொன்னபோது, “அங்கேருந்து பாத்தா நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டார். ரொம்ப நல்லாருக்கும்மா என்றேன். உண்மை.

அந்தக் கறுப்புப் பட்டைக்கு வருகிறேன். மழை பெய்தால்தான் அது வந்தது. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. கேபிளை மாற்றினேன். இணைப்புகளைக் கழற்றித் துடைத்தேன். தட்டின் முனையிலிருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று திறந்து பார்த்தேன். உலர்ந்திருந்தது. ஒரு நாள் மழை விட்டதும் தட்டுக்குப் பின்னால் போய் நின்று, அது பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். கிழக்கே, வேலிக்கு அந்தப் பக்கம், நனைந்த இலைகளோடு ஒரு டுரியான் பழ மரம். தட்டு முதலில் வைக்கப்பட்டபோது வேறொரு செயற்கைக்கோளைப் பார்த்து உயரமாக நின்றது. பிறகு அதைக் கிழக்கே தாழ்த்தித் திருப்பினோம். அதற்குள் மரமும் மேலே வந்துவிட்டது. காய்ந்த இலையூடே சமிக்ஞை எப்படியோ நுழைந்து வந்தது. இலை நனைந்தால் படத்தில் பாதி தொலைந்தது. மழை நாளில்தான் எங்களுக்குப் படம் வேண்டும். மழை நாளில்தான் அது வரவில்லை.

மரத்துக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற ஓர் அண்ணன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். தோட்டம் விற்றபோது கிடைத்த மனையில் வீடு கட்டி, கட்டின வருடமே அந்த மரத்தை வைத்தாராம். நான் போய்ச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“மரத்துல கை வெக்கிற வேலையெல்லாம் வேணாம்லா தங்கச்சி. இத்தன வருசம் கெடந்து, இப்பதான் மொத மொதலா மொட்டு விட்டிருக்கு. வந்து பாரு.”

பார்த்தேன். தாழ்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாக மொட்டுகள் தொங்கின. சரியாகத் தட்டு பார்க்கிற உயரத்தில்.

“ரெண்டே கிளைதான் அண்ணே.”

“அந்த ரெண்டுலதான் நெறைய இருக்கு. ஒங்க பிரிங்க, அந்தத் தட்ட, திருப்பி வெக்க முடியாதா? எங்க வீட்டு டிவி பிரிங் மழையில போனா நான் யாரு மரத்தையாவது வெட்டச் சொல்றேனா?”

நியாயமாகத்தான் பட்டது. அவர் மரம், அவர் மண். கோபமாகத் திரும்பி வரவில்லை என்றாலும் வழி தெரியாமல் திரும்பி வந்தேன்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர் தாய்லாந்தின் தென்பகுதியில் ஒரு வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவர். அவர்களும் இதே படத்தை இதே மாதிரி தட்டில் வாங்குகிறார்கள். ஒரு பயிற்சியின்போது கிடைத்த மின்னஞ்சல் முகவரிக்கு, தயக்கத்தோடு, இன்ன நேரத்துப் படத்தில் இன்ன பட்டை எங்களுக்கு இல்லை, உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா என்று எழுதினேன். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வந்திருந்தது. அதோடு ஒரு வரி: மழை நேரத்தில் கேட்கத் தயங்காதே. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே தரம். அதனால் வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு முறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

இடையில் அண்ணன் எங்கள் நிலையத்துக்கு ஒரு தடவை வந்தார். என்னை அப்படித் திருப்பி அனுப்பியது அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லையாம். போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்பியிருந்தார். திரையில் படத்தைக் காட்டினேன். சுமத்ரா, நீரிணை, நம் கரை, மேலே வெள்ளையாக மேகங்கள் ஊர்ந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“தெலுக் இந்தான் எங்கே இருக்கு இதுல?”

ஆற்று வளைவைக் காட்டினேன். அவர் மனைவியின் தம்பி அங்கிருந்து படகில் ஆற்று முகத்துவாரம் வரை போய் மீன் பிடிப்பவர் என்றார். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அது ஏப்ரல். தலைமை அலுவலகத்தில் பழைய தட்டைக் கழற்றிப் புதியது மாட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியும் வரை எங்கள் தட்டுதான் அவர்களுக்கும். ஒரு நாள் விடியலில் இங்கே நல்ல மழை. நான் போய்ச் சேரும்போது விட்டிருந்தது, இடி மின்னல் எதுவும் இல்லை. ஆனால் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. காக் கூப்பிட்டார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. சுமத்ரா பக்கமிருந்து மேகக் கூட்டம் ஒன்று வரிசை கட்டி நீரிணைக்குள் இறங்குகிற மாதிரி தெரிகிறது, ரேடாரில் அதன் ஓரம் மட்டும்தான் படுகிறது, அது வளர்கிறதா கலைகிறதா என்று மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்றார். எங்கள் படத்தில் அந்த இடம் முழுக்கக் கறுப்பு. தாய்லாந்துக்கு எழுதினேன். அன்றைக்கென்று வெளிநாட்டு இணையத் தொடர்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ கடலடிக் கேபிளில் கோளாறாம். எழுதியது போகவே இல்லை.

வேறு வழி தெரியாமல் ஒரு நீள மூங்கிலை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய், எட்டாத கிளையை எட்டிக் குத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்க என் தலையில் கொட்டியது. மழையால் குலை ஏற்ற முடியாமல் லாரியோடு வீட்டில் இருந்த அண்ணன் வெளியே வந்தார்.

“என்னம்மா பண்ற? பைத்தியமா?”

சொன்னேன். நீரிணை, மேக வரிசை, கறுப்புப் பட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போய் லாரியை எடுத்து வந்தார். குலை தூக்கும் இரும்புக் கை அந்த லாரியில் உண்டு. அதை உயர்த்தி, தடித்த கயிற்றைக் கிளைகளுக்கு மேலே போட்டு வளைத்து, மறு முனையை லாரியில் கட்டினார். மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தினார். கிளைகள் வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்கின. தட்டுக்கு முன்னால் வானம் தெரிந்தது.

“ஓடு தங்கச்சி, உள்ள போய்ப் பாரு! நான் புடிச்சிருக்கேன்!”

ஓடினேன். அடுத்த படம் வந்தது. ஒரு பட்டை, இன்னொரு பட்டை, ஒன்றுகூடக் குறையாமல். நீரிணைக்கு மேலே வில் மாதிரி வளைந்து, பளிச்சென்று வெள்ளையாக அந்த வரிசை நின்றது. காக்குக்கு அனுப்பினேன். அதற்கடுத்த படமும் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அது வளர்ந்துகொண்டு நம் கரையை நோக்கி வருவது எனக்கே தெரிந்தது. மூன்றாவது படம் வரும்போது வெளியே சடாரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். பெரிய கிளை அடியோடு கிழிந்து, மொட்டுகளோடு தரையில் கிடந்தது. அண்ணன் லாரியை விட்டு இறங்கி அதைப் பார்த்து நின்றார்.

“மன்னிச்சிருங்க அண்ணே.”

“நீ ஏம்மா… படம் வந்துச்சா?”

“வந்துச்சு. எல்லாம் வந்துச்சு.”

கடல் பகுதிக்கு எச்சரிக்கை வெளியானதும் வந்து சொன்னேன்; உள்ளே கூட்டிப்போய்ப் படத்தையும் காட்டினேன். அவர் அந்த இடத்திலேயே ஃபோனை எடுத்து மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

“மச்சான், எங்க இருக்க? … எறங்காத. … வானம் நல்லாத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும்லா. பெரிய காத்து வருது. நான் பாத்தேன், மேலேருந்து பாத்தேன். படகக் கட்டிப் போட்டுட்டுப் பக்கத்துல உள்ளவங்ககிட்டயும் சொல்லு.”

நண்பகலுக்குள் காற்று வந்தது. முகத்துவாரத்தில் கூரைகள் பறந்தன. முன்னமே கடலுக்குப் போயிருந்த ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்தவர்களைப் பக்கத்துப் படகுக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மச்சானும் அவர் துறையில் இருந்தவர்களும் போகவில்லை. எங்கள் படத்தால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரேடார் இருந்தது, காக்கின் அனுபவம் இருந்தது, ஓர் எச்சரிக்கைக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் காக் பின்னேரம் கூப்பிட்டு, அந்த இரண்டு படங்கள் இல்லையென்றால் எச்சரிக்கை எழுத இன்னும் யோசித்திருப்பேன் என்றார். யார் கயிறு கட்டி இழுத்தது என்று சொன்னபோது சிரித்தார். அந்த அண்ணனுக்கு என் சலாம் சொல் என்றார்.

அடுத்த வாரம் மச்சான் ஒரு பெட்டி நிறைய ஆற்று இறாலோடு வந்து இறங்கினார். அரசாங்க வேலையில் இருப்பவள் வாங்கக்கூடாது என்றேன். “வாங்க வேணாம்கா, ஒக்காந்து சாப்புடுங்க,” என்றார். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்படி ஓர் இறால் குழம்பை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்தபோதுதான் அண்ணன் ஆரம்பித்தார்.

“மிச்சக் கிளைய நான் தர மாட்டேன், சொல்லிட்டேன். ஆனா மரத்துக்கு அந்தாண்ட எனக்கு எடம் சும்மா கெடக்கு. ஒங்க பிரிங்கத் தூக்கிட்டு வந்து அங்க வெச்சா என்ன?”

எனக்கு அது தோன்றவே இல்லை. அரசாங்க வேலி, அரசாங்கத் தட்டு. வேலிக்கு வெளியே யோசிக்கப் பழகவில்லை. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. காக் தன் பக்கத்திலிருந்து பேசினார். கையெழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன, ஆனால் வந்தன. தட்டு மரத்தைத் தாண்டிப் போய் நின்றது. அதற்கான சிமெண்டுத் தளம் போட்ட அன்று, ஒப்பந்தக்காரரின் ஆட்களோடு அண்ணனும் நின்று கலவை தள்ளினார். அந்த வருடம் மரத்தில் கொஞ்சம் பழம்தான் விழுந்தது. எனக்கும் ஒரு பழம் கொடுத்தார். கசப்பும் இனிப்புமாக நன்றாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் தாய்லாந்தின் தென்பகுதியில் வெள்ளம். ஒரு மதியம் அந்த நண்பரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறி, படம் வாங்கும் கருவி நின்றுவிட்டது. உன்னிடமிருந்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். படிக்கும்போதே என் கை வேலையைத் தொடங்கிவிட்டது. அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் வந்த படம் ஒவ்வொன்றையும் அனுப்பினோம். எங்கள் பக்கத்திலும் மழைதான். ஒரு பட்டைகூடத் தொலையவில்லை.

அந்த நாட்களில் அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு நேராக எங்கள் அறைக்கு வந்துவிடுவார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அங்கே அவருக்குத் தெரிந்தவர் யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரைக்கு முன்னால் நிற்பார்.

“தங்கச்சி, அவங்க ஊர்ல மழ விட்டுச்சா?”

“இன்னும் இல்ல அண்ணே.”

“சரி, நீ அனுப்பு,” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.