மொட்டைத் தலையில் பின்னிய சடை

சனிக்கிழமை காலை நான் கட்டையைத் தட்ட ஆரம்பித்தால் போதும், பள்ளிக்கூடக் காப்பாளர் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பார். நார்வேயில், பெர்கன் நகரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில்தான் என் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. மரக்கட்டையில் கோலால் தட்டித் தாளம் போடுவது அவர் காதுக்கு ஏதோ பழுதுபார்க்கும் சத்தம். என்ன உடைந்தது என்று கேட்பார். ஒன்றும் உடையவில்லை, பாடம் நடக்கிறது என்பேன். முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கும் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்து, அப்படியானால் முழங்கால்தான் உடையப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேலே, கம்பளிக் காலுறையைக் கழற்றச் சொன்னாலே முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி என் மகள் வள்ளி. பன்னிரண்டு வயது.

நான் ஆடக் கற்றது திருத்தணியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில். ஜன்னல் வழியே டீக்கடைப் பாட்டும் ஆந்திரா பஸ்களின் ஹாரனும் எங்கள் ஜதியோடு சேர்ந்துகொள்ளும். தெலுங்குப் பதத்துக்கு யாரும் அர்த்தம் கேட்டதில்லை. பாதிப் பேர் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே ஒவ்வொரு சொல்லையும் நார்வேஜிய மொழியில் விளக்கியாக வேண்டும். நாணம் என்றால் என்ன என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு வகுப்பே முடிந்துவிட்டது. பிடித்தவன் வந்தால் ஓடிப்போய்ப் பேச வேண்டியதுதானே, எதற்குத் தலையைக் குனிய வேண்டும் என்று வள்ளி கேட்டாள். நான் கொடுப்பது நாட்டியமா, கை காலை நீட்டி மடக்கும் வெறும் பயிற்சியா என்ற பயம் எனக்கு அன்றிலிருந்துதான். ஊர்க்காரர்கள் முன்னால் அவளை ஆடவைத்துப் பார்த்தால் ஒழிய அது தீராது என்று தோன்றியது. கோடை விடுமுறையும் ஆடிக் கிருத்திகையும் சேர்ந்து வந்ததால் டிக்கெட் போட்டுவிட்டேன்.

மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில், மாலை நிகழ்ச்சிகளுக்கு நடுவே எங்களுக்கும் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஏற்பாடு செய்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் போட்டோவுக்குத்தான் நன்றாயிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பார்த்துவிடலாம் என்று முருகனுக்காகக் காத்திருக்கும் வள்ளியைப் பற்றிய பாட்டை எடுத்துக்கொண்டேன். அவள் கூந்தலைக் கோதி, சடை பின்னி, பூ வைத்துக்கொள்ளும் இடம்தான் அதன் உயிர். அதற்கென்றே என் மகள் இடுப்பு வரை முடி வளர்த்திருந்தாள். ராக்கொடி, குஞ்சலம், நெற்றிச்சுட்டி எல்லாம் புதிதாக வாங்கினேன்.

அன்று காலை என் நாத்தனார் கோமளா ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து, சாமி கும்பிட வள்ளியை மலைக்கு அழைத்துப்போனாள். எங்கள் குடும்பத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் மொட்டை திருத்தணியில்தான். வெளிநாட்டில் பிறந்ததால் வள்ளிக்கு மட்டும் அது நடக்காமல் போன குறை கோமளாவுக்கு எப்போதும் உண்டு. போகிற வழியில் அதையும் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்த என் மகளின் தலையில் முடி இல்லை. சந்தனம் மட்டும் மினுமினுத்தது.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. எல்லாரும் போட்டுகினு இருந்தாங்க, இவளே போயி குந்திகினா. சாமிக்குக் குடுக்கிறத எப்படி வேணாங்கிறது?" என்றாள் கோமளா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ராக்கொடியை எதில் குத்துவது? நெற்றிச்சுட்டியை நூலால் கட்டிப் பார்த்தேன், சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. கோமளாவின் வீட்டுக்காரர் கனகம்மாசத்திரம் வரை பைக்கில் போய் டோப்பா வாங்கி வருவதாகக் கிளம்பினார். வள்ளிதான் அவரைத் தடுத்தாள்.

"இங்க எல்லாரும் மொட்டைதானேம்மா. முடியோட ஆடினாதான் நான் வித்தியாசமா தெரிவேன்."

பெர்கனில் பிறந்த பெண்ணின் வாயில் இதைக் கேட்டதும், நெற்றிச்சுட்டியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தேன்.

மேடையில் பட்டும் சலங்கையுமாக ஒரு மொட்டைத் தலை வந்து நின்றதும், "பையனா, பொண்ணா?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். கூட்டத்திலும் பாதித் தலைகள் சந்தனத் தலைகள்தான். கூந்தலைக் கோதும் இடம் வந்தது. வள்ளியின் விரல்கள் தலைக்குப் போய், மொட்டையைத் தொட்டதும் நின்றன. நான் சொல்லிக்கொடுக்காத நிறுத்தம் அது. கூட்டம் சிரித்தது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிதானமாகக் காதோரத்திலிருந்து இல்லாத முடியை மூன்று காலாகப் பிரித்து, தோள் வழியே முன்னால் எடுத்துப்போட்டு, இடுப்பு வரை பின்னி முடித்தாள். சிரிப்பு எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. அவள் சடை நுனியை முடிந்து பின்னால் தள்ளியபோது, அந்தக் கனம் அவள் கழுத்தில் தெரிந்தது. "எம்மாம் நீளம் பாரு" என்றாள் ஒரு மொட்டைத் தலை அம்மா, பக்கத்திலிருந்தவளிடம். அங்கேயே நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

பெர்கன் திரும்பிய வாரம் வகுப்பாசிரியை போனில் தணிந்த குரலில் பேசினார். வள்ளிக்கு என்ன நோய், பள்ளி எப்படி உதவலாம் என்று கேட்டார். நோய் இல்லை, முடியைக் கடவுளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்றேன். "அவர் கேட்டாரா?" என்றார். கேட்கவில்லை, இவளாகத்தான் கொடுத்தாள் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது விரற்கடை அளவு முளைத்திருக்கிறது. போன சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குச் சடை பின்னும் இடத்தை அவளையே காட்டச் சொன்னேன். கம்பளித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்ன ஆரம்பித்தாள். சடை எங்கே இருக்கிறது என்று ஒரு குட்டி கேட்டது. திருத்தணியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, வள்ளி கடைசிப் பின்னலை இடுப்பருகே முடிந்து, பூ வைத்துக்கொண்டாள்.