மாமி பார்த்துச் சொன்ன விண்மீன்

கலேவெலையில் நிஹ்லாவைப் போல் ஒரு பிடிவாதக்காரியைக் காண முடியாது. கணவர் ஹுஸ்னி மாரடைப்பில் மவுத்தான அன்று, வஹகோட்டையிலிருந்து நான் ஓடிப்போனேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் என் காதில் சொன்னது இதுதான்: "ஜெனிஸ்டா, என்ட நட்சத்திரத்த வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

வானம் பார்க்கும் எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு விண்மீன். அவளுடையது விசித்திரமானது. வருடக்கணக்கில் ஒழுங்காக ஒளிரும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல், தான் கக்கிய கரிப்புகைக்குப் பின்னால் தானே மறைந்துவிடும். எப்போது என்று பெரிய விஞ்ஞானிகளுக்கே தெரியாது. மங்கத் தொடங்கும் முதல் நாளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே நிஹ்லா கல்யாணமான காலந்தொட்டு பைனாகுலரோடு முற்றத்தில் நின்றாள்.

இப்போது இத்தா. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வீடென்றால் முற்றமும் சேர்த்திதானே என்று வாதாடிப் பார்த்தாள். பக்கத்தில் மேல்மாடி கட்டும் மேசன்மார் அங்கேயே தங்குகிறார்கள், ஊர் வாய்க்கு யார் பதில் சொல்வது என்று மாமியார் ஹமீமா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அறை ஜன்னல் தெற்கே பார்த்தது, விண்மீனோ வடக்கே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜன்னலைப் பெயர்த்து மறுபக்கம் வைத்திருப்பேன். சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டும் எங்கள் கூட்டத்து லெஸ்லி, "அந்த நட்சத்திரமும் இத்தா இருக்கப் போகுதோ?" என்று பகிடி விட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசியில் நிஹ்லா மாமியையே வேலைக்கு எடுத்தாள். சுளகில் அரிசி மணிகளை வைத்துக் காட்டினாள்: இது கிண்ணம் போன்ற வளைவு, உள்ளே இருப்பது நம்முடையது, பக்கத்தில் இந்த இரண்டு. இதைவிட மங்கலா, அதைவிடப் பிரகாசமா? அவ்வளவுதான் கேள்வி. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ஹமீமா பைனாகுலரோடு முணுமுணுத்துக்கொண்டே முற்றத்துக்குப் போவார். நிஹ்லா கதவுக்கு உள்ளே நின்று கேட்பாள்.

"மூச்சு முட்டுது ஜெனிஸ்டா. கூரையப் பிச்சுக்கிட்டுப் போகலாம் போல ஈக்குது" என்று தொலைபேசியில் அழுவாள்.

மாமி கெட்டிக்காரி. முதல் வாரம் அவர் சொன்னதும் லெஸ்லி பார்த்ததும் அச்சொட்டாக ஒத்துப்போயின. பிறகு நாங்கள் யாரும் சரிபார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் "ஈக்குது மகள், நல்லா ஈக்குது" என்பார். நிஹ்லா அதை எனக்கு அறிவிப்பாள்.

ஒரு மாலை லெஸ்லி எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தான். விண்மீனைக் காணவில்லை. அது மங்கத் தொடங்கிப் பல நாளாகியிருந்தது. வெளிநாடுகளில் வானம் பார்ப்பவர்கள் எல்லோரும் அதைக் கண்டுவிட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் நான் கலேவெலைக்குப் போனேன். மாமிக்குக் கண் மங்கிவிட்டது என்றே நினைத்து, அதைக் கேட்டேன்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் ஈக்குது" என்றார் ஹமீமா. "மங்கினதக் கண்டேன்."

நிஹ்லா அவர் முன்னால் வந்து நின்றாள். "கண்டீங்களா? எத்தன வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் மாமி! என்னயும் இந்தக் கதவுக்குள்ள பூட்டி வெச்சிட்டு, ஏன் பொய் சொன்னீங்க?"

ஹமீமா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ட புள்ள மவுத்தான ஊட்டுல, அவன்ட பொண்டாட்டிக்கிட்ட வந்து, இன்னொண்டும் அணஞ்சி போச்சுன்னு எப்பிடி மகள் நான் சொல்ற?"

நிஹ்லா கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அணையல்ல மாமி" என்றாள் பிறகு. "புகைக்குப் பின்னால ஈக்குது. கொஞ்சக் காலத்துல திரும்பி வரும்."

ஹமீமா திரும்பி அவளைப் பார்த்தார்.

"திரும்பி வருமா? அப்ப அதப் பெத்தவ குடுத்து வெச்சவ."